மடுவத்துத் தராசும் எண்பத்தொரு கிலோவும்

நான் தேசிய சாம்பியனான மறுநாள் ஒரு பத்திரிகையில் என் படத்தைப் போட்டு, தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த தோள்கள் குத்துச்சண்டையில் வென்றன என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டியபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஒழுங்காகக் கொழுந்து பறித்த நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். என் தோளில் ஏறியதெல்லாம் சீமெந்து மூடைதான். ஆனால் அந்தப் பத்திரிகைக்காரருக்குத் தெரியாத ஒன்று உண்டு. என் வெற்றிக்கும் கொழுந்துக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு இருந்தது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற தராசு என்னை ஒரு நாள் காலையில் கதிகலங்க வைத்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓப்பநாயக்கவிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் எங்கள் தோட்டம். ஒன்பதாம் வகுப்பிலேயே நான் எழுபது கிலோ. அந்த உடம்பைப் பற்றிப் பேச, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் உரிமை இருந்தது. குழாயடியில் நின்றால், "ஏம் புள்ள, உனக்கு மட்டும் அரிசி தனியா வருதா?" என்று கேட்பார்கள். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. "ஆமா, ஒங்க வீட்டுப் பங்கும் எனக்குத்தான் வருது" என்பேன். வீட்டுக்கு வந்த பிறகு அழுவேன். அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா ஒற்றை ஆளாகக் கொழுந்து பறித்து என்னை வளர்த்தார். பரீட்சையில் நான் கோட்டைவிட்ட பிறகு, இரத்தினபுரி டவுனில் நம் ஆட்கள் நடத்துகிற ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை கிடைத்தது. பில் எழுதத்தான் எடுத்தார்கள். ஒருநாள் மூடை தூக்குகிறவர் வராமல் போக, நான் ஐம்பது கிலோ சீமெந்தைத் தூக்கி லொறியில் வைத்தேன். அதன் பிறகு முதலாளி என் கையில் பேனா கொடுக்கவே இல்லை.

குத்துச்சண்டைக்கு வந்தது பஸ்ஸில். ஒரு சனிக்கிழமை மத்தியானம், சனம் நெருக்கியடிக்கிற பஸ்ஸில் ஒருவன் எனக்குப் பின்னால் நின்று கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன் என்றான். இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கவில்லை, அடித்தேன். அவன் மூன்று சீட் தள்ளி ஒரு பாட்டியம்மாவின் காய்கறிப் பையில் போய் விழுந்தான். பஸ்ஸே கைதட்டியது. கைதட்டாத ஒரே ஆள், எங்கள் கடைக்கு எதிரே டயர் ஒட்டுகிற சிங்களக்காரர்.

"நங்கி, அடிச்சது ஹரி. ஆனா இடது கை கீழ போச்சு. அவன் திருப்பி அடிச்சா ஒங்க மூஞ்சி போயிரும்," என்றார், சரியை ஹரி என்றும் தங்கச்சியை நங்கி என்றும் சிங்களம் கலந்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் அடித்திருப்பேன். பிறகுதான் தெரிந்தது, அவர் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரராம். டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறை வைத்து ஏழெட்டுப் பேரைப் பழக்கிக்கொண்டிருந்தார். என்னை விடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவர். எதற்கெடுத்தாலும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிக்கிற மனிதர். நான் அவரை 'சேர்' என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

முதல் போட்டியில் என் கதை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. எதிரில் நின்றவளின் மூக்கில் ஒன்று விட்டேன். இரத்தம் வந்தது. பதறிப்போய், 'சமாவென்ன' என்று சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிக்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் என் தாடையில் ஒன்று விழுந்தது, அவ்வளவுதான். சேரின் தொப்பி அன்று வளையத்துக்குள்ளேயே வந்து விழுந்தது. அடுத்த வருஷம் மன்னிப்புக் கேட்பதை விட்டேன், தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனேன். அங்கே நான்கு வருஷமாகச் சாம்பியனாக இருந்த ஒருத்தி என்னை வளையம் முழுக்கத் துரத்தி அடித்தாள். அதற்கடுத்த வருஷமும் அதே இறுதிச் சுற்று, அதே ஆள், அதே அடி. அவள் நெட்டையானவள், கை நீளம். நான் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் அவள் மூன்று குத்து விட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அதற்கும் அடுத்த வருஷம் எனக்கு அது விளையாட்டாக இல்லை. சாம்பியனானால் ஒரு கம்பெனியின் விளையாட்டுக் குழுவில் நிரந்தர வேலை உண்டு என்று சேர் பேசி வைத்திருந்தார். தோற்றால் நான் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதென்று மாமா முடிவு பண்ணியிருந்தார். பாஸ்போட் எடுத்தாகிவிட்டது. அலுமாரியில் அம்மாவின் சேலைக்கு அடியில் அது இருந்தது. அன்றிலிருந்து அம்மா அந்தச் சேலையை உடுத்துவதையே நிறுத்திவிட்டார். நான் போனால் அந்த லயத்துக் காம்பராவின் ஒற்றை அறையில் அவர் தனியாகத்தான் இருக்கவேண்டும்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சேர் என்னை வீட்டுக்கு அனுப்பினார். மலையில் ஓடு, நன்றாகச் சாப்பிடு, இரண்டு நாளைக்கு ஒருமுறை எடையைப் போனில் சொல்லு என்றார். எங்கள் பிரிவு ஹெவிவெயிட். எண்பத்தொரு கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். எனக்கு எப்போதும் எண்பத்துநாலு என்பதால் அந்தக் கவலை எனக்கு இருந்ததே இல்லை. சேரிடம் இருந்த எடை பார்க்கிற மெஷின் நான் ஏறி நின்று ஸ்பிரிங் போய், ஆறு மாதமாக மூலையில் கிடந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வேறொரு திட்டத்தோடு இருந்தார்.

"மாரியம்மனுக்கு நேந்துட்டேன். போட்டி அன்னைக்கி வரைக்கும் பத்து நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் வெளக்கு வச்ச பொறகுதான். பகல்ல பச்சத் தண்ணியும் கூடாது. மச்ச மாமிசம் கெடயாது. நீயும் நானும்," என்றார்.

"அம்மா, எனக்குத் தெனம் நாலு முட்ட சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

"ரெண்டு வருஷமா முட்டையத் தின்னுட்டுத்தான போன? என்னா கெடச்சிச்சு?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் அம்மன் துணை வேண்டியிருந்தது. சேருக்குச் சொல்லாமல் விரதம் பிடித்தேன்.

எடை பார்க்க எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு இடம்தான். மடுவம். பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகையை அப்படித்தான் சொல்வோம். பக்கத்துத் தோட்டத்துக்கு டிஜிட்டல் வந்துவிட்டது. எங்களுக்கு இன்னும் உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்குகிற வட்டமுகத் தராசுதான். அந்தத் தராசைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. அது இரண்டு கிலோ தின்னும். சாமி இல்லை என்று சொன்னால்கூட ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வார்கள். தராசு சரி என்று சொன்னால் அடிக்க வருவார்கள். இருபது கிலோ இருக்கும் என்று முதுகுக்குத் தெரிகிற கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று பேரேட்டில் எழுதுவார். தராசின் முகம் அவர் பக்கம்தான் இருக்கும். கேட்டால், "தராசு அப்பிடித்தாங் காட்டுது. நான் என்னா பண்றது?" என்பார். இலையில் ஈரம் என்று சொல்லித் தண்ணிக் கழிவு வேறு கழிப்பார். அம்மாவின் காலம் முழுக்க இதுதான் நடந்தது.

நிறுவை முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மாவும் பக்கத்து லயத்து அக்காமார் இரண்டு பேரும் என்னை மடுவத்துக்குக் கூட்டிப்போவார்கள். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகள் இரண்டைச் சேர்த்து முடிந்து தொட்டில் கட்டுவோம். அதைக் கொக்கியில் மாட்டி, நான் அதற்குள் உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொள்வேன். உத்தரம் முனகும். அக்காமார் சிரித்துச் சிரித்துத் தராசைத் திருப்பி முள்ளைப் பார்ப்பார்கள். முதல் நாள் முள் எண்பத்துநாலில் நின்றது.

"அப்ப எம்பத்தாறு," என்றார் அம்மா உடனே. அக்காமாரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அதில் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. போனில் எண்பத்தாறு என்றதும் சேர் குளிர்ந்துபோனார்.

பிறகு முள் எண்பத்துமூன்றுக்கு வந்தது, எண்பத்திரண்டுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் நாங்கள் இரண்டைக் கூட்டிக்கொண்டோம். கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் முள் எண்பதில் நின்றது.

"எம்பத்திரெண்டு. ஒரு கிலோ கைவசம் இருக்கு," என்று அம்மா நிம்மதியாகப் படங்கை அவிழ்த்தார்.

போட்டியன்று காலை எட்டு மணிக்கு நிறுவை அறைக்குள் போனேன். சேரும் அம்மாவும் வாசலில் நின்றார்கள். எங்கள் எடைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். அந்த வருஷம் மூன்று பேர் பெயர் கொடுத்து ஒருத்தி விலகிவிட்டதால், எனக்கு நேரே இறுதிப் போட்டி, மாலை மூன்று மணிக்கு. பரிசோதனைக்கென்று வைத்திருந்த தராசில் ஏறினேன். சிவப்பு எழுத்தில் 79.8 என்று வந்தது.

இறங்கி மறுபடி ஏறினேன். அதே 79.8. பொறுப்பாக இருந்த மிஸ் என்னைப் பார்த்தார். எண்பத்தொன்றைத் தாண்டாவிட்டால் வளையம் ஏற முடியாது, ஒன்பது மணிக்கு நிறுவை முடியும், அதற்குள் உத்தியோகத் தராசில் ஒரே ஒரு முறை ஏறலாம் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த நேரத்திலும் என் மண்டையில் ஓடியது, இந்தத் தராசும் இரண்டு கிலோ தின்கிறது என்றுதான். பக்கத்தில் ஒரு மேசையில் நிறை சரிபார்க்கிற இரும்புக்கல் இருந்தது. மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே அந்த இருபது கிலோ கல்லைத் தூக்கி வைத்துக் காட்டினார். 20.0.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மடுவத்துத் தராசு சரி. அது எப்போதும் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. தின்றது தராசு இல்லை.

வெளியே வந்து விரதத்தையும் தராசையும் சேரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

"தண்ணி," என்றார் கடைசியில். "தண்ணி குடிக்கிறது சட்டத்துக்கு பிழை இல்ல. ஒன்றரை லீட்டர் குடிங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். விரதம் முடிய அன்று ஒரு பகல் மிச்சம் இருந்தது. பொழுதுபட்டு விளக்கு வைத்த பிறகுதான் வாயில் எதுவும் படலாம் என்பது அம்மாவின் நேர்த்திக்கடன். பத்து நாளாக அவரும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல்தான் பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்திருந்தார். நான் அவரிடம் என்ன கேட்கிறேன் என்பது அவருக்கு விளங்கியது. பிறகு சேரின் கையிலிருந்த போத்தலை அவரே வாங்கி மூடியைத் திருகினார்.

"தண்ணிக் கழிவு, தண்ணிக் கழிவுன்னு நாப்பது வருஷமா என் கொழுந்துல கழிச்சானுங்க. இன்னைக்கு அந்தத் தண்ணிய நாம சேத்துக்கிருவோம். குடி. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

குடித்தேன். வாழைப்பழம் உரித்து உரித்து அம்மா ஊட்டினார். ஆறு பழம் தின்றேன். வயிறு கல்லானது. குமட்டியபோதெல்லாம் அம்மா என் வாயைப் பொத்தி, "வெளிய விட்ட, கொன்னுருவேன்" என்றார். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மூச்சை அடக்கிக்கொண்டு உத்தியோகத் தராசில் ஏறினேன். 81.7. மிஸ் அதை அப்படியே எழுதினார். வாசலில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"மிஸ், அடு கரன்னே நெத்த?" என்று கேட்டார். கழிக்க மாட்டீர்களா என்று.

"ஏன் கழிக்கணும் அம்மே? இருக்கிறது இவ்வளவுதானே," என்று மிஸ் சிங்களத்திலேயே சிரித்துக்கொண்டு சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குள் தண்ணீர் போகிற வழியில் போய்விட்டது. வளையத்தில் ஏறியபோது நான் வயிற்றில் ஆறு வாழைப்பழமும் பத்து நாள் பட்டினியும் உள்ள ஒருத்தி. சாம்பியன் எதிர் மூலையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கெட்டவள் இல்லை, இரண்டு முறை என்னை அடித்துப் பழகியவள் அல்லவா, அந்த உரிமை.

மணி அடித்தது. அவள் வழக்கம்போல் இடது கையை நீட்டினாள். நான் அங்கே இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான்கு கிலோ குறைந்த உடம்பு, மலை ஏறி இறங்கிய கால், இரண்டும் சேர்ந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயின. அவள் தேடிய ஆள் பழைய எண்பத்துநாலு கிலோ, ஓர் அடி எடுத்து வைக்க யோசிக்கிறவள். அவள் குத்தெல்லாம் நான் விட்டுப்போன இடத்தில் விழுந்தது. முதல் சுற்று முடிந்து வந்தபோது சேர், "என்ன நங்கி இது? யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். மாரியம்மன் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டாவது சுற்றில் அவள் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். அவளுடைய நீளக் கைக்குள்ளே புகுந்து விலாவில் கொடுத்தேன். குனிந்தாள். நடுவர் எட்டுவரை எண்ணினார். மூன்றாவது சுற்றில் அவள் சாம்பியன்போலவே வந்தாள், என் கண்ணுக்கு மேல் ஒன்று விழுந்து எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அலுமாரியில் சேலைக்கு அடியில் இருக்கிற பாஸ்போட் அந்த மஞ்சளில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இடது கையைக் கீழே விடாமல், வலது கையில் சீமெந்து மூடை தூக்கிய வருஷமெல்லாம் சேர்த்துத் தாடையில் ஒன்று வைத்தேன். அவள் கயிற்றில் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி சாய்ந்தாள். நடுவர் இரண்டு கையையும் வீசிப் போட்டியை நிறுத்தினார்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தவர், சத்தம் கேட்டுப் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, "யாருங்க விழுந்தது? எங்க புள்ளயா?" என்று கேட்டாராம். என் கையை நடுவர் தூக்கியபோதுதான் கண்ணைத் திறந்தார். சேர் தொப்பியைத் தரையில் அடிக்கவில்லை, மேலே எறிந்தார், அது பிறகு கிடைக்கவே இல்லை. நான் வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம் ஓர் ஆளின் உடம்புக்குள் கொள்ளும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதன் பிறகு மூன்று வருஷம் அந்தப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை வெளிநாடு போனேன், பாத்திரம் கழுவ அல்ல, சண்டை போட. வெண்கலத்தோடு வந்தேன். மாமா எடுத்துக்கொடுத்த அதே பாஸ்போட்டில்தான் போனேன் என்பதை அவர் இப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஆனால் யாராவது என் பெரிய வெற்றி எது என்று கேட்டால், நான் சொல்வது வேறொன்று. அதற்கு வளையமும் இல்லை, நடுவரும் இல்லை.

சாம்பியனாகி ஊருக்கு வந்தபோது தப்படித்தார்கள், மாலை போட்டார்கள், தோட்டத்தை நடத்துகிற தொரையே பங்களாவிலிருந்து இறங்கி வந்து கைகொடுத்தார். மறுநாள் அம்மா வேலைக்குப் போனார். மத்தியான நிறுவைக்கு நான் கடையில் ஐந்து கிலோ அரிசிப் பக்கட் நான்கு வாங்கிக்கொண்டு, உடைக்காமல் மடுவத்துக்குப் போனேன். கண்ணுக்கு மேல் தையல் அப்படியே இருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்து, "வாங்க சாம்பியன், வாங்க" என்று எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு சின்ன வேல. இத நிறுத்துப் பாக்கணும்," என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் நான்கு பக்கட்டையும் படங்கில் கட்டிக் கொக்கியில் மாட்டினேன். தராசைப் பிடித்து அதன் முகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பினேன். முள் ஆடி ஆடி இருபதில் நின்றது. ஒரு மயிரிழை அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

என்னோடு சேர்ந்து எண்பதை எண்பத்திரண்டு ஆக்கிய அக்காமார் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் தராசை விட்டுவிட்டு, கணக்கப்பிள்ளையின் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தார்கள்.

அரிசியை இறக்கிவிட்டு அம்மா தன் கொழுந்தை மாட்டினார். தராசின் முகம் எங்கள் பக்கமே இருந்தது. முள் இருபத்துநாலில் நின்றது. கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"தண்ணிக் கழிவு..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு வாரமா மழயே இல்லீங்களேய்யா," என்றார் அம்மா.

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார், என் கண்ணுக்கு மேலிருந்த தையலைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மாதான் நின்றேன். குனிந்து எழுதினார். அம்மா நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னார்.

"எழுதினத வாசிச்சுக் காட்டுங்கய்யா."

"இருபத்திநாலு," என்றார் கணக்கப்பிள்ளை.